எழுதாத சோதனை

சசிகலா குலேந்திரன் ஒரு நாவலில் பிறந்தவள். இருந்தாலும் என்னைவிட ஏழு வயது மூத்தவள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். 1981இல் அவளுக்குப் பதினாறு நெருங்குகிறது. எனக்கு அப்போது ஒன்பது. அவள் சைக்கிள் ஓடித் திரிந்த யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சில வருஷம் பிந்தி நானும் ஓடினேன். அவளை அக்கா என்று கூப்பிட எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

நாவலின் பெயர் 'பிரதர்லெஸ் நைட்'. எழுதியவர் வி. வி. கணேசானந்தன், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண். 2023இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பெண்கள் புனைவுப் பரிசும் வட அமெரிக்காவின் கரோல் ஷீல்ட்ஸ் பரிசும் அதற்குக் கிடைத்தன. டொரன்டோவில் இருக்கிற அண்ணன் மகள் எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தாள். கூரியர்க்காரப் பையனுக்கு எங்கள் தெரு பிடிபடாமல், "ஹைவே சர்வீஸ் ரோட்டுக்கே வந்துடுங்கக்கா" என்றான். பாரவண்டிகள் கிளப்பும் புழுதியில் நின்று வாங்கி வந்தேன். புத்தகத்துக்கு முன்பே மருமகளின் செய்தி போனில் வந்துவிட்டது: "மாமி, வாசிச்சுப் பாருங்கோ. சசி அப்பிடியே நீங்கள்தான். எவ்வளவைத் தாங்கியிருக்கிறாள்!"

அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

சசிக்கு நான்கு சகோதரர்கள். நிரஞ்சன், தயாளன், சீலன் மூவரும் மூத்தவர்கள், ஆரன் இளையவன். அப்பா அரசாங்க நில அளவையாளர். பாதி நாள் வெளியூரில். ஒருநாள் கொதிதண்ணீர் மேலே சரிந்து அவள் அலற, ஒழுங்கையில் சைக்கிளில் போன பையன் ஒருவன் உள்ளே ஓடி வந்து முட்டைகளை உடைத்து வெந்த தோலில் ஊற்றுகிறான். அவனை நாவல் முழுக்க 'கே' என்ற ஓர் எழுத்தால் மட்டுமே அழைக்கிறார்கள். அவளுக்கும் அவனுக்கும் டொக்டர் ஆகும் ஆசை. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் படிக்கிற பிள்ளை உள்ள எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்த ஆசைதான் வந்து கதவைத் திறக்கும்.

பிறகு வருவதெல்லாம் வரலாற்றில் உள்ளதுதான். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிகிறது, 97,000 புத்தகங்களோடு. சோதனைக்குப் படிக்கக் கொழும்பில் அம்மம்மா வீட்டுக்குப் போன சசி, 1983 ஜூலையில் அந்த வீடு எரிவதையும் பார்க்கிறாள். நிரஞ்சன் திரும்பி வரவில்லை. தயாளன், சீலன், கே மூவரும் இயக்கத்துக்குப் போகிறார்கள். சசி யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கிறாள். படித்துக்கொண்டே இயக்கத்துக்காரரின் காயங்களுக்கும் மருந்து கட்டுகிறாள். கடைசியில் நியூயார்க்கில் ஒரு டொக்டராக உட்கார்ந்து, 2009இன் செய்திகளுக்கு நடுவில், இதையெல்லாம் நமக்குச் சொல்கிறாள். அதுவும் சும்மா சொல்வதில்லை. வாசிப்பவரை நேராகப் பார்த்து, நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டுக் கேட்டுச் சொல்கிறாள்.

எனக்குப் பிடித்தது அந்த நேர்ப்பார்வைதான். துயரப்பட்ட பெண்ணைப் பற்றிய கதைகளில் பெரும்பாலானவை அவளை ஒரு மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, கை தட்டி அனுப்பிவிடும். சசி மேடை ஏற மறுக்கிறாள். அவளிடம் கோபம் இருக்கிறது, இயக்கத்துக்கு உதவியதைப் பற்றிய வாதப் பிரதிவாதம் இருக்கிறது. தன்னை நல்லவளாகக் காட்ட வேண்டும் என்ற அவசரம் மட்டும் இல்லை.

நாவலில் கே நல்லூரில் உண்ணாவிரதம் இருக்கிறான். ஈழத்தவருக்கு அது யாருடைய சாயல் என்று சொல்லத் தேவையில்லை. 1987 செப்டம்பரில் நல்லூர் கோயில் முன்றலில் தண்ணீரும் குடியாமல் கிடந்த திலீபன் பன்னிரண்டாம் நாள், 26ஆம் திகதி, இறந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்த பையன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு எங்களையும் வரிசையாகக் கூட்டிப் போனார்கள். சனத்தின் தோள்களுக்கு மேலால் எனக்கு மேடையின் ஒரு மூலைதான் தெரிந்தது. ஒலிபெருக்கியில் கவிதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்சியை எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொஞ்சம் கை நடுங்கினால் பூசையாகிவிடும், கொஞ்சம் கை ஓங்கினால் கேலியாகிவிடும். கணேசானந்தன் சசியை அவன் பக்கத்தில் உட்கார வைத்து, மருத்துவ மாணவியின் கண்ணால் ஓர் உடம்பு அணைவதைப் பார்க்க வைக்கிறார். அந்தப் பக்கங்களை ஒரே மூச்சில் என்னால் வாசிக்க முடியவில்லை.

அஞ்சலி என்ற உடற்கூற்றியல் விரிவுரையாளரும் வருகிறார். அவர் ராஜனி திராணகமவின் நிழல். ராஜனி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். அரசாங்கம், இந்தியப் படை, இயக்கங்கள் என்று எந்தத் தரப்பையும் விடாமல், யார் யாரை என்ன செய்தார்கள் என்று தோழர்களோடு சேர்ந்து பதிவு செய்தவர்; 'முறிந்த பனை' அப்படி உருவான புத்தகம். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் திருநெல்வேலியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு 35 வயது. எங்கள் வகுப்பில் உயிரியல் படித்த பெண்கள் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். பல்கலைக்கழகத்துக்குப் போனால் அவரிடம் உடற்கூற்றியல் படிக்கலாம் என்று பேசிக்கொண்டவர்கள் நாங்கள்.

இனி என்னுடைய ஏக்கத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள் எழுதுகிற ஏக்கங்களுக்கு ஒரு வாடிக்கைப் பட்டியல் உண்டு. பனை, பூவரசு, கிடுகு வேலி, கிணற்றடி, கறுத்தக் கொழும்பான் மாம்பழம். எனக்கும் இல்லாமல் இல்லை. மாங்காய்க்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கறுத்தக் கொழும்பானின் பெருமை பேசி எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஆனால் இரவில் வந்து நெஞ்சில் உட்காருவது அதெல்லாம் இல்லை. 1990ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்கள்.

மார்ச் 24 அன்று இந்திய அமைதிப்படையின் கடைசி வீரர்களும் திருகோணமலையிலிருந்து கப்பலேறிப் போனார்கள். ஜூன் இரண்டாம் வாரத்தில் அடுத்த யுத்தம் தொடங்கியது. நடுவில் கிடைத்த இரண்டரை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் வெடிச்சத்தம் இல்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது திண்ணையில் உட்கார்ந்துதான் இருந்தது, வீட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். ஓகஸ்டில் எனக்கு உயர்தரச் சோதனை. தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நான்கு பாடம். விறாந்தையில் அப்பாவின் பழைய மேசை. அதன் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் என் தம்பி. அவனுக்கு அந்த வருஷம் சாதாரணதரம். மேசைக்குக் கீழே கால் நீட்டுகிற இடத்துக்குச் சண்டை. பின்னேரம் ரியூசன், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி மேசை. கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளை வரைந்து பெயர் குறிப்பதுதான் அன்றைய பெருங்கவலை.

சோதனை எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்குவது கஷ்டம். 1970களின் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்த பிறகு, யாழ்ப்பாணத்துப் பிள்ளை மருத்துவ பீடத்துக்குள் போக வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில் துவக்குத் தூக்கியவர்கள் உண்டு. என்னைப் போன்றவர்கள் அந்தக் கோபத்தைக் கொப்பியில் எழுதித் தீர்த்தோம். 'பிரதர்லெஸ் நைட்'டில் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே மேசையிலும் இருக்கலாம்.

ஜூனில் மின்சாரம் போனது. ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு, திரி போட்டுக் கொளுத்திப் படித்தோம். குண்டுவீச்சு விமானம் சுற்றினால் ஊதி அணைப்போம். தம்பி ஒருநாள் ரியூசனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போன இடம் பிறகு தெரியவந்தது. அவனைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நாவலில் சீலன் வருகிற பக்கங்களை நான் எப்படிப் புரட்டினேன் என்பதைப் பற்றியும்தான்.

சோதனைக்கு அனுமதி அட்டை வருவதற்கு முன்பே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மன்னார்க் கரையில் படகு, ராமேசுவரத்துக்கு அருகில் மணல்திட்டில் இறக்கிவிட்டது, மண்டபம் முகாம். 1983 முதல் இப்படிக் கடல் தாண்டி வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். எல்லோருக்கும் கதை ஏறக்குறைய ஒன்றுதான், ஆகையால் விரித்து எழுதவில்லை. மேசையில் கொப்பிகளை அடுக்கி வைத்துவிட்டு வந்தேன் என்பது மட்டும் என்னுடையது. தூக்கிவர முடியாத பாரம் ஒன்றும் இல்லை. ஓகஸ்டுக்குள் திரும்பிவிடலாம் என்று அம்மா சொன்னார், நானும் நம்பினேன்.

மண்டபத்திலிருந்து எங்களை அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அணையோர முகாமுக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கத்து முகாம்கள் பலவும் அணைகளின் ஓரத்தில்தான் இருந்தன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணக்கொடை, அதற்கு முன் வரிசையில் நின்று ஆள் கணக்கு. ஆண்கள் பெயின்ட் அடிக்கப் போனார்கள். பெண்கள் தக்காளி பறிக்கப் போனோம். தமிழ்நாட்டில் அகதிப் பிள்ளைகளுக்கென்று மருத்துவக் கல்லூரிகளில் சில இடங்களை ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு அது நின்றுபோனது. என் கையில் உயர்தரச் சான்றிதழ் இல்லாதபடியால் அது இருந்தும் எனக்குப் பயனில்லை, நின்றும் நட்டமில்லை. ஆனால் முகாமில் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்துவிட்டு ஓசூர் பக்கம் பேக்கிங் வேலைக்குப் போன பெண்கள் இருந்தார்கள். அவர்களிடம் தாங்கும் சக்திக்கு ஒரு குறைவும் இல்லை.

இங்கேதான் மருமகளின் செய்தி எனக்கு உறுத்துகிறது. தாங்கினாள், மீண்டாள், எழுந்து நின்றாள் என்று சொல்லும்போது பேச்சு முழுக்க அவளுடைய முதுகெலும்பைப் பற்றியே போய்விடுகிறது. அவள் எதை விட்டுவிட்டு வந்தாள் என்பது கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. தாங்குவது என்ன பெரிய விஷயம்? மாற்று வழி இல்லாதவர்கள் எல்லோரும் தாங்குகிறார்கள். சசியிடம் நான் வியப்பது தாங்கியதை அல்ல. வீடு எரிந்த பிறகும், அண்ணன் போன பிறகும், அவள் திரும்பிப் போய்ச் சோதனை எழுதினாள். மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தாள். அந்த ஒரு சின்ன, சாதாரண, சுயநலமான ஆசையை அவளால் காப்பாற்ற முடிந்தது. அவளுக்காக எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும் உண்டு என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

நாவல் மேல் எனக்கு ஒரு மனக்குறை. பெரும்பகுதி யாழ்ப்பாணத்திலேயே நிற்கிறது. நியூயார்க் ஓரமாகத்தான் வருகிறது. புதிய நாட்டில் டொக்டராக வேலை பார்க்க அவள் என்னென்ன சோதனை மறுபடி எழுதினாள், எந்தக் கவுண்டரில் எந்தக் காகிதத்துக்கு நின்றாள், வாடகை அறையில் மேசை இருந்ததா, அது யாருடைய பழைய மேசை? எனக்கு அந்த அத்தியாயம் வேண்டும். குண்டு விழும் பக்கங்களை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். குண்டு நின்ற பிறகு வருகிற செவ்வாய்க்கிழமைகளை எழுதத்தான் ஆள் குறைவு.

என் செவ்வாய்க்கிழமைகள் சூளகிரியில் கழிகின்றன. கலியாணத்துக்குப் பிறகு முகாமிலிருந்து இங்கே வந்தோம். ஓசூரில் கைக்கடிகாரப் பாகம் கோக்கும் ஒரு சின்னப் பட்டறையில் கண் மங்கும்வரை வேலை பார்த்தேன். இப்போது வீட்டிலேயே பின்னேரம் பிள்ளைகளுக்கு ட்யூஷன். ஊரில் என்னை டீச்சர் என்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. மூன்று முனையாக எழுந்து நிற்கிற மலை, மேலே கோட்டைச் சிதிலம், கீழே பெங்களூரையும் சென்னையையும் இணைக்கிற ஆறுவழிச் சாலை. சந்தையில் விடியக் கருக்கலில் கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டும் மலையாகக் குவிந்து வேன் ஏறிப் போகும். கடைக்காரர் தெலுங்கில் கணக்குச் சொல்லி, கன்னடத்தில் பேரம் பேசி, என்னிடம் தமிழில் சில்லறை கேட்பார். கேழ்வரகு விளையும் பருவத்தில் சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். பயத்தோடும் ஒருவித மரியாதையோடும் ஊர் அதைப் பேசும். எல்லோரும் எங்கிருந்தோ வந்து தங்கிய ஊர் மாதிரி இருப்பதால் எனக்கு இது பிடித்துப்போனது.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். பேரனை ட்யூஷனுக்கு விட வந்தவர், என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க ஜாஃப்னாவாம்மா?" என்றார். ஆம் என்றேன். கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நானும் அங்க இருந்தேன். எம்பத்தேழுல."

பேரன் உள்ளே போன பிறகும் அவர் போகவில்லை. "அந்த ஊருக் கெணறும்மா. எட்டிப் பாத்தா தண்ணி மேலயே நிக்கும். ஒரு ஆளு கட்டமேல நடப்பான், ஒரு ஆளு எறைப்பான். இங்க ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டாலும் பொகதான் வருது."

"அது துலா, அண்ணே. எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல். மழை பெய்ஞ்சா உள்ள இறங்கி நிக்கும். கடலுக்குக் கிட்டப் போனா உப்பு."

"உப்பெல்லாம் இல்லம்மா. நான் குடிச்ச கெணத்துல இனிப்பா இருந்தது."

எந்த ஊர்க் கிணறு என்று நான் கேட்கவில்லை. அவரும் என் ஊர் எது என்று கேட்கவில்லை. இந்தியப் படை அங்கே போரிட்ட 1987 முதல் 1990 வரையான காலத்தைப் பற்றி நாவலில் உள்ள பக்கங்களில், குறிப்பாகப் பெண்களுக்கு நடந்ததைச் சொல்லும் இடங்களில், எனக்கும் அவருக்கும் நடுவில் பேச முடியாதவை நிறைய இருக்கின்றன. அந்தப் போரில் இந்தியப் படையினரும் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவருடைய கூட்டாளிகள் யாரோ அதில் இருப்பார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவது என்று இருவரும் சொல்லாமலே ஒப்பந்தம் செய்துகொண்டோம். அந்த நாவலை அவருக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது எங்கள் தெருவில் வாடகை அறைகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பெண்கள். கருக்கலில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிறது, இருட்டில் கொண்டுவந்து கொட்டுகிறது. யுத்தம் அவர்களை அனுப்பவில்லை. வீட்டில் மழையும் கடனும் அனுப்பியிருக்கின்றன. மாடியறையில் நான்கு பேரோடு இருக்கிறவள் ராஞ்சிப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து என் கண் அவள் மேல்தான். எனக்குத் தெரிந்த இந்தியும் அவளுக்குத் தெரிந்த தமிழும் சந்திக்கிற இடத்தில் பேசிக்கொள்கிறோம். என்னை ஆன்ட்டி என்பாள். "ஆன்ட்டி, யாங்க சப் போல்தா ஹை நான் ஸ்டிராங்" என்று ஒருநாள் சிரித்தாள். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து தனியாக இருக்கிறாளாம், எல்லோரும் மெச்சுகிறார்களாம். "நீ என்ன படிக்க வந்தாய்?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. நர்சிங் என்றாள்.

மருமகளுக்கு எழுதிவிட்டேன்: "சசி நான் இல்லை, பிள்ளை. அவ சோதனை எழுதினவ. நான் மேசையில கொப்பியை வைச்சிட்டு வந்தனான். அந்தப் புத்தகத்தில எனக்கு அழுகை வந்தது ஆக்கள் சாகிற இடத்தில இல்லை, அவ படிக்கிற இடத்தில." பதிலுக்கு அவள் ஓர் இதயப் படம் அனுப்பினாள். கனடாவில் பிறந்த பிள்ளை, அதற்கு மேல் என்ன அனுப்புவாள்? பரவாயில்லை, புத்தகம் அனுப்பியதே பெரிது.

ராஞ்சிப் பெண்ணின் நர்சிங் விண்ணப்பம் இப்போது என் மேசையில் கிடக்கிறது. பிறந்த ஊர் முகவரி ஒரு கட்டம், இப்போதைய முகவரி ஒரு கட்டம். இருப்பிடச் சான்றிதழ் அங்கேயிருந்து வர வேண்டும். அவள் தம்பி தாசில்தார் அலுவலகத்துக்கு அலைகிறானாம். கட்டணத்துக்கு இரண்டு பேருமாகச் சேர்த்துவிட்டோம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவளுக்கு இந்த வாரம் முழுக்க நைட் ஷிப்ட்.